சாவி என்னிடம்தான் இருந்தது

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் நான் சொன்னது இதுதான்: "மாசிவ் அட்டாக் சார். அந்த மெஷின் பக்கத்துலயே இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. ஆம்புலன்ஸ்காரங்க வந்து பார்க்கும்போதே கோடு நேரா இருந்துச்சு." கேட்டவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். கேட்காதவர்களிடம் நானாகவே போய்ச் சொன்னேன். இறந்தவரின் மனைவியிடமும் சொன்னேன்.

இதில் கோடு நேராக இருந்தது என்பது மட்டும் உண்மை. மற்ற இரண்டும் எனக்குத் தெரியாது. தெரிந்ததைப் போலச் சொன்னேன். உண்மையான ஒரு தாளை மேலே வைத்து, அடியில் வேறு தாள்களைச் செருகிக் கொண்டுவரும் கடன் விண்ணப்பங்களை ஆயுள் முழுக்கப் பார்த்தவன் நான். அந்த வித்தை எனக்குத் தானாகவே வந்தது.

நான் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஓர் அடுக்ககத்தில் சங்கச் செயலாளராக இருந்தேன். எனக்குச் சாவிகள் பிடிக்கும். வங்கியில் பணப் பெட்டக அறையை ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. மேலாளரிடம் ஒரு சாவி, காசாளரிடம் ஒரு சாவி, இரண்டும் சேர்ந்தால்தான் கதவு அசையும். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போன உதவி மேலாளருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு மோட்டார் அறை, மொட்டை மாடி, ஜெனரேட்டர், நோட்டீஸ் போர்டின் கண்ணாடிக் கதவு என்று எல்லாச் சாவியும் என் வளையத்துக்கு வந்து சேர்ந்தன. யாரும் கொடுக்கவில்லை. நானே வாங்கிக்கொண்டேன்.

அந்த மெஷின் எங்கள் வளாகத்துக்கு வந்ததற்குக் காரணம் ஒரு கால்பந்தாட்டம். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடின. முதல் பாதி முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது, யாரும் மோதாமலே, கிறிஸ்டியன் எரிக்சன் சரிந்து விழுந்தார். வயது 29. சக வீரர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொள்ள, மருத்துவக் குழு நெஞ்சை அமுக்கியது. ஒரே ஒரு முறை மின் அதிர்ச்சி கொடுத்தது. மைதானத்தை விட்டு எடுத்துப் போகும்போது அவர் கண் விழித்திருந்தார். பிறகு நெஞ்சில் ஐ.சி.டி. என்கிற சிறு கருவியைப் பொருத்தினார்கள். துடிப்பு மறுபடி தறிகெட்டால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுக்கும் கருவி அது. அதை வைத்துக்கொண்டு ஆட, அவர் அப்போது ஆடிவந்த இத்தாலியில் அனுமதி இல்லாததால் இங்கிலாந்துக்குப் போய், 2022இல் மறுபடி களம் இறங்கினார். எங்கள் பிள்ளைகள் இதை நேரலையில் பார்த்துவிட்டார்கள். அடுத்த பொதுக்குழுவில், வெளியிலிருந்து அப்படி அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. மெஷின் ஒன்று வாங்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

நான் எதிர்த்தேன். லட்ச ரூபாயைத் தொடுகிற விலை. அந்தப் பணத்துக்கு நான்கு கேமரா மாட்டலாம் என்றேன். கை தூக்கச் சொன்னபோது தோற்றேன். தோற்றவன் என்ன செய்வான்? வாங்கிய பொருளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வான்.

பயிற்சி கொடுக்க வந்த இளைஞர், யார் கைக்கும் எட்டுகிற இடத்தில், பூட்டில்லாமல் மாட்டுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். காவலாளிகளையும் கூப்பிடுங்கள், இரவும் பகலும் இங்கே இருப்பது அவர்கள்தானே என்றார். "அவங்க கேட்லயே இருக்கட்டும் தம்பி, வண்டி வந்துட்டே இருக்கும்" என்றேன். அது சாக்கு. கிளப் ஹவுஸில் குடித்தனக்காரர்களோடு அவர்களும் சமமாக உட்கார்ந்து கற்றுக்கொள்வது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இதை எழுதும்போதுதான் முதல் முறையாக வெளியே சொல்கிறேன். நான் முன் வரிசையில் உட்கார்ந்து, பொம்மையின் நெஞ்சை அமுக்கிக் காட்டிக் கைதட்டல் வாங்கினேன். அவர் போனதும் மெஷினை அலுவலக இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். பிள்ளைகள் விளையாடிவிடுவார்கள், யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று காரணம் சொன்னேன். ஒரு சாவி என்னிடம், இன்னொன்று பொருளாளரிடம். போர்டில் இரண்டு பேர் போன் நம்பரையும் அழகாக டைப் அடித்து ஒட்டினேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மோட்டார் போடச் சொல்லி யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கட் செய்தேன். மறுபடி அடித்தது. எங்கள் வளாகத்துப் பையன் ஒருவன். "செக்ரட்டரி சார், சி பிளாக் சார் ஷட்டில் ஆடும்போது விழுந்துட்டார். பீரோ சாவி எங்க?" பொருளாளரைக் கேள் என்றேன். அவர் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார். பையன் கேட்டான்: "பீரோவை உடைச்சிடட்டுமா சார்?"

"இரு இரு, உடைக்காதே. அஞ்சு நிமிஷத்துல வந்துட்டேன்."

அந்த பீரோவில் சங்கத்தின் பத்திரங்கள் இருந்தன. கதவு நெளிந்தால் மறுபடி பூட்டு சரியாக விழாது. அந்த நொடியில் என் மண்டைக்குள் ஓடியது இதுதான். கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

வந்து சேரக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே நடந்ததைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விழுந்தவருடைய கை கால்கள் சில விநாடிகள் வெட்டி இழுத்திருக்கின்றன. பார்த்தவர்கள் வலிப்பு என்று நினைத்தார்கள். கேட்டில் இருந்த பெரியவர் ஓடி வந்து, நம் பக்கத்து வழக்கப்படி, தன் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்தக் கொத்தில் கேட்டின் சாவி இருந்தது. பீரோ சாவி இல்லை. பயிற்சியில் உட்கார்ந்திருந்த பையன் நெஞ்சை அமுக்கப் போயிருக்கிறான். "மூச்சு விடறார் பாரு, ஏதாவது ஆச்சுன்னா கேஸ் ஆயிடும்" என்று யாரோ தடுத்திருக்கிறார்கள். வாயைத் திறந்து, விட்டு விட்டு, குறட்டை கலந்த பெருமூச்சு வந்துகொண்டிருந்ததாம்.

அது மூச்சு இல்லை. இதயம் நின்றபின் மூளைத்தண்டு கடைசியாகத் தள்ளுகிற வெறும் அசைவு அது. சில நிமிடம் வரைகூட நீடிக்கும். அந்த வெட்டி இழுப்பும் வலிப்பு நோய் இல்லை, மூளைக்கு ரத்தம் நின்றதன் அடையாளம். திடீரென்று விழுந்தவர் கூப்பிட்டால் திரும்பவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் நாடி தேடிக்கொண்டு நிற்காமல் நெஞ்சில் கை வைக்க வேண்டும் என்று அந்த இளைஞர் சொல்லியிருந்தார். முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான். போனில் என்னிடம், "மூச்சு இருக்கற மாதிரி இருக்கு சார்" என்றும் பையன் சொன்னான். "அப்பப் பயமில்லை" என்றேன்.

பிறகு படித்தேன். இதய மருத்துவராக இருக்கும் என் அக்கா மகனைப் பிடித்துக் கேட்டேன், முழு உண்மையையும் சொல்லாமல். இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் ஒரு சிறு முடிச்சில் இருந்துதான் ஒவ்வொரு துடிப்புக்கும் மின் சைகை கிளம்புகிறது. அது வரிசையாக இறங்கிக் கீழறைகளுக்கு வந்ததும் அவை ஒன்றாகச் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுகின்றன. வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் வந்துவிட்டால் இந்த ஒழுங்கு சிதறிவிடும். கீழறையின் தசை நார்கள் தனித்தனியாகத் துடிக்கும். தேர் வடத்தை ஆளாளுக்கு ஒரு திசையில் இழுத்தால் என்ன ஆகும்? அத்தனை பேருக்கும் வியர்க்கும், தேர் நகராது. இதயம் துள்ளிக்கொண்டுதான் இருக்கும், ஒரு சொட்டு ரத்தம் வெளியே போகாது. பத்துப் பதினைந்து விநாடியில் நினைவு தப்பும். நான்கைந்து நிமிடத்தில் மூளைச் செல்கள் சாகத் தொடங்கும். யாரும் நெஞ்சை அமுக்காமல் கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும்.

நான் கேட்டது ஐந்து நிமிடம். எடுத்துக்கொண்டது அதைப் போல மூன்று மடங்கு. கணக்கு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தத் தாறுமாறான துடிப்பை நிறுத்த மருந்தைவிட மின் அதிர்ச்சிதான் முதல் வழி. அதிர்ச்சி இதயத்தை 'ஸ்டார்ட்' செய்கிறது என்றுதான் சினிமா பார்த்து நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அது இதயத் தசைகள் எல்லாவற்றையும் ஒரு கணம் அடக்கிவிடுகிறது. அந்த அமைதியில் அந்த மேலறை முடிச்சு மறுபடி தலைமை எடுத்துக்கொள்ள வழி கிடைக்கிறது. ஆகவே ஏற்கெனவே கோடு நேராகிவிட்ட இதயத்துக்கு அதிர்ச்சி உதவாது. மெஷினே கொடுக்க மறுத்துவிடும்.

நான் பிடித்துக்கொண்டது இந்த ஒற்றைத் தகவலைத்தான். கோடு நேராக இருந்தது, ஆகவே மெஷினால் பயனில்லை. ஆனால் கோடு ஏன் நேரானது? துள்ளிக்கொண்டிருக்கும் இதயத்தைக் கவனிக்காமல் விட்டால், அதன் சக்தி தீரத் தீர அலைகள் சிறுத்துக்கொண்டே போய்க் கடைசியில் நேர்கோடாகும். 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள் பார்த்தது ஆரம்பத்தை அல்ல, முடிவை. முதல் சில நிமிடங்களில் அந்தத் திரையில் என்ன தெரிந்திருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆடிக்கொண்டிருக்கும்போது எல்லோர் கண் முன்னாலும் சட்டென்று சரிகிறவருக்கு முதலில் நினைக்க வேண்டியது ஃபிப்ரிலேஷனைத்தான் என்றான் அக்கா மகன். "ஏன் மாமா, உங்க அப்பார்ட்மெண்ட்ல ஏ.இ.டி. இருக்கே?" என்றும் கேட்டான். பேச்சை மாற்றினேன்.

அதன் பிறகு படித்ததெல்லாம் என்னைக் குறிவைத்தே எழுதியது போல இருந்தது. 1960இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவன்ஹோவனும் அவருடைய கூட்டாளிகளும், மார்பைத் திறக்காமல் வெறும் கையால் அமுக்கியே ரத்தத்தை ஓடவைக்கலாம் என்று எழுதினார்கள். கூவன்ஹோவன் மருத்துவர்கூட அல்ல, மின் பொறியாளர். பெல்ஃபாஸ்டில் ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ் என்ற மருத்துவர், மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவமனைக்கு வரும் வழியிலேயே இறப்பதைப் பார்த்து, 1960களின் நடுவில் கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றினார். கார் பேட்டரியில் ஓடிய அது ஏறக்குறைய 70 கிலோ. நோயாளி இருக்கும் இடத்துக்குக் கருவி போக வேண்டும் என்பதற்காக அந்த மனுஷன் அவ்வளவு பாரத்தைத் தூக்கவைத்தார். நான் ஒரு கையில் தூக்கிவிடக்கூடிய பெட்டியைப் பூட்டி வைத்தேன்.

இன்னொன்று அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளைப் பற்றியது. 2000இல் வந்த ஆய்வு. அங்கே ஏ.இ.டி.யைக் காவலாளிகள் கையில் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். விழுந்த மூன்று நிமிடத்துக்குள் முதல் அதிர்ச்சி கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். மூன்று நிமிடம் தாண்டியவர்களில் 49 சதவீதம். பணத்தைக் காப்பதில் எங்கள் வங்கியை விடக் கெட்டிக்காரர்கள் அவர்கள். எதைப் பூட்ட வேண்டும், எதைப் பூட்டக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. காப்பாற்றியவர்கள் காவலாளிகள். எங்கள் கேட்டில் இருந்த பெரியவர் அன்று எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தவர். அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். சாவி வைப்பதற்குப் பதிலாக நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, ஐந்து செ.மீ. உள்ளே போகும்படி, நிமிடத்துக்கு நூறில் இருந்து நூற்றிருபது தடவை அமுக்க ஒரு மணி நேரத்தில் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கலாம். எங்கள் எல்லோரையும் விடக் கை வலு உள்ளவர்.

கேஸ் ஆகிவிடும் என்கிற பயமும் வெறும் பயம்தான். சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் காரியத்துக்குப் பாதுகாப்பு பழைய தண்டனைச் சட்டத்தின் 92ஆவது பிரிவிலேயே இருந்தது, இப்போதைய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. சங்கச் செயலாளராக நான் போர்டில் ஒட்டியிருக்க வேண்டிய தாள் அது.

காரியம் முடிந்த அன்று இரவு யாரும் இல்லாதபோது அலுவலகத்துக்குப் போய் பீரோவைத் திறந்தேன். எதற்குப் போனேன் என்றால், மெஷின் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்ற ஆசையில். ஒட்டும் பேடுகளில் இருக்கும் பசை இரண்டு வருடம் போல்தான் தாங்கும், பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. காலாவதி ஆகியிருந்தால் மனசு கொஞ்சம் இலேசாகும். பேடு உறையின் தேதியைப் பார்த்தேன், இன்னும் காலம் இருந்தது. முகப்பில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. திறந்தால் அடுத்தடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதுவே பேசியிருக்கும். வலது காறை எலும்புக்குக் கீழே ஒன்று, இடது அக்குளுக்குக் கீழே விலாவில் ஒன்று. வியர்வையைத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும், தள்ளி நிற்கச் சொல்லும்போது தள்ளி நிற்க வேண்டும், அதிர்ச்சி கொடுத்ததும் மறுபடி அமுக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன் செய்துவிடுவான். செய்வதற்குத்தான் ஒருவன் போனில் அனுமதி கேட்டான்.

மறுபடி பூட்டினேன். மறுநாளும் "மாசிவ் அட்டாக்" என்றுதான் சொன்னேன்.

இந்தப் பொய் என் மானத்தைக் காப்பாற்றியதோடு நின்றிருந்தால் ஒருவேளை இதை எழுதியிருக்க மாட்டேன். பல மாதம் கழித்து இறந்தவரின் மனைவி சொசைட்டி பாக்கி கட்ட வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார். கணவருக்கு ஒரு தடவை திருமலைப் படியேறும்போது மயக்கம் வந்ததாம், வெயில் என்று விட்டுவிட்டார்களாம். இவருடைய அண்ணனும் சின்ன வயதிலேயே தூக்கத்தில் போனவராம். "எங்க குடும்பத்துக்கே ராசி சார்."

எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. மயங்கி விழுவதையும், குடும்பத்தில் இளவயதுத் திடீர்ச் சாவையும் பற்றி அதற்குள் படித்திருந்தேன். ஃபிப்ரிலேஷனுக்குப் பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைப்போ பழைய மாரடைப்பின் தழும்போதான் காரணம். ஆனால் இதயத் தசை தடித்துப்போவது, மின்னோட்டத்திலேயே பிறவிக் கோளாறு இருப்பது என்று ரத்தவழியில் வருகிற காரணங்களும் உண்டு. உழைக்கும்போது மயக்கம், காரணம் தெரியாத மரணம் என்று வந்தால் கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் கூப்பிட்டு ஈ.சி.ஜி., எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். இவர் விஷயத்தில் போஸ்ட்மார்ட்டம் நடக்கவில்லை. காரணத்தை மருத்துவர் யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவருடைய பையன் கல்லூரியில் கபடி ஆடுகிறவன்.

அன்று எல்லாவற்றையும் சொன்னேன். சாவி, கத்தரிக்காய், கட் செய்த போன், உடைக்காதே என்றது, இரவில் பச்சை விளக்கைப் பார்த்தது. அந்த அம்மா அழவில்லை, திட்டவில்லை. ரசீதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு கேட்டார்: "மாசிவ் அட்டாக்னு நீங்கதானே சார் சொன்னீங்க? கொலஸ்ட்ரால்தான் காரணம்னு நினைச்சு, பையனுக்குச் சாப்பாட்டுல எண்ணெயைக் குறைச்சுட்டிருக்கேன் இத்தனை நாளா."

பையனை மருத்துவர்கள் பார்த்துவிட்டார்கள். இப்போதைக்குக் கவலை இல்லையாம். அதோடு விட்டுவிடாமல் அவ்வப்போது வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். மெஷின் இன்று பி பிளாக் லிஃப்டுக்குப் பக்கத்தில், பூட்டில்லாமல் தொங்குகிறது. மூன்று ஷிஃப்ட் காவலாளிகளுக்கும் பயிற்சி ஆகிவிட்டது. இதில் எதுவும் என் ஏற்பாடு இல்லை. புதுச் செயலாளர் செய்தார். அன்று உடைக்கவா என்று கேட்ட பையன்தான் அவன்.

அந்த அம்மா ஒன்று மட்டும் கேட்டார். எல்லோர் முன்னாலும் பொய் சொன்னீர்கள், எல்லோர் முன்னாலும் திருத்துங்கள் என்று. பொதுக்குழு ஆடி மாதம். நோட்டீஸில் 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் சேர்த்துவிடும்படி புதுச் செயலாளரிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போனான். திரும்பி வந்து, அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, உங்கள் பெயர் போட்டுத் தனிப் பொருளாகத்தான் வரும் என்று சொல்லிவிட்டான்.